அடிமைக் கப்பலில் வந்த பறை

இலண்டன் மாநகரின் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில், ஏறத்தாழ ஒரு முழ உயரமே உள்ள மரப்பறை ஒன்று இருக்கின்றது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1730-ஆம் ஆண்டை ஒட்டி, சர் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவருக்காகப் பெறப்பட்டது அது. 1753-இல் அவர் மறைந்தபின், அவர் திரட்டிய பொருள்களே அக்காட்சிசாலைக்கு வித்தாயின. பறையை அமெரிக்கப் பழங்குடியினருடையது என்று எழுதிவைத்தனர். எழுதியது எழுதியபடியே நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் கிடந்தது! 1906-இல்தான் இது மேற்கு ஆப்பிரிக்க வேலைப்பாடு என்பது கண்டறியப்பட்டது. பின்னர் 1970-களில், கியூ தாவரவியல் பூங்காவின் அறிஞர்கள் மரத்தையே ஆராய்ந்து அதனை உறுதிசெய்தனர். இன்றைய கானா நாட்டுப் பக்கத்து அக்கான் மக்களின் பறை அது.

இதற்கு உண்மையானதொரு படி செய்யப் புகுவோர் யாது செய்தல் வேண்டும்? முதலில் மரம். உடல் கார்டியா என்னும் இனத்தைச் சார்ந்தது; நம் நாட்டு நறுவிலிக்கு அது உறவு. ஒரே கட்டையைக் குடைந்தே உடலை ஆக்கவேண்டும். பலகைகளைச் சேர்த்துச் செய்தால் அது பீப்பாயாகுமேயன்றி இப்பறையாகாது. தோலின் விளிம்பைக் கயிற்றால் பிணித்து, அதனை உடலிற் செருகிய மரமுளைகளில் மாட்டுவர். முளைகளைத் தட்டி உள்ளிறக்க, தோல் விறைக்கும். திருகாணிக்கு இங்கு வேலையே இல்லை.

இனி, தோலைப் பற்றியதே பெரும் வழக்கு. பறையின் மேலுள்ளது மான்தோல். கடமானும் புள்ளிமானும் போலக் கொம்பு உதிர்க்கும் மானினம் மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் இல்லை, அமெரிக்காவில் மிகுதி. ஆகவே பழைய தோல் கிழிந்தபின், அமெரிக்க மண்ணிலேயே புதுத்தோல் போர்த்தப்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

சங்கிலியிட்ட மனிதர் தம் பறையைத் தாமே சுமந்து வந்திருத்தல் அரிது. சரக்கு நலிந்தால் விலை குறையுமென்று, அடிமைகளை மேல்தளத்தில் ஏற்றிப் பறைகொட்டி ஆடச்செய்வது அக்கப்பல்களின் வழக்கம். நம் முன்னோரும் கப்பலேறியே இந்நாடு வந்தனர். எனினும் தப்பும் உடுக்கையும் அவர்தம் கைப்பொருளாய் வந்தன. அவர்களுக்கு அதுவும் இல்லை. கரையேறிய பின்னரோ பறையே குற்றமாயிற்று. 1739-இல் தென் கரோலைனாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் பறைகொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அம்மாநிலத்தார் அடிமைகள் பறை வைத்திருப்பதைச் சட்டத்தால் தடுத்தனர்.

ஆதலின், பிறந்த ஊர்ப் பறையே தூயதென்று கருதி, ஆப்பிரிக்க விலங்கின் தோலைப் போர்த்துவோர் கருத்து நமக்கு உடன்பாடன்று. அது காட்டில் பிறந்த பறையைக் காட்டும். கடல் கடந்த பறையைக் காட்டாது. நாமாயின் மான்தோலையே போர்த்துவோம். பெயர்ச்சீட்டில் இரண்டு ஊர்களையும் எழுதுவோம்.