ஒரு மைல் தூரம்

1823-ஆம் ஆண்டில் பெல்லாரி ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஏ. டி. காம்பெல் தம் ஜில்லாவின் பள்ளிக்கூடங்களைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், காலையில் முதலில் வந்து சேரும் பையனுடைய உள்ளங்கையில் ‘சரஸ்வதி’ என்று எழுதப்படும் என்றும், இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம் போடப்படும் என்றும், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வோர் அடியாகக் கூடிக்கொண்டே போகும் என்றும் வெகு சிரத்தையோடு குறித்திருக்கிறார். பள்ளிக்கூடம் தொடங்குவது காலை ஆறு மணிக்கு. ஆகவே இருட்டுப் பிரிவதற்கு முன்பே எழுந்து, சுவடியைத் தூக்கிக்கொண்டு, தெருநாய்களுக்கு அஞ்சியும் அஞ்சாமலும் ஓடிவந்த அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பென்பது பள்ளியில் அல்ல, தெருவிலேயே ஆரம்பமாகிவிட்டது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இந்தச் சம்பிரதாயம் இருந்தது. முதலில் வந்தவனுக்கு ‘வேத்தான்’ என்று ஒரு பட்டமே உண்டு.

அன்றைக்குக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுக்கச் செய்த கணக்கின்படி, சென்னை ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்களும் அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள் தேறும். பதினைந்து பிள்ளைகளைக் கொண்ட பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்க முடியும்? இரண்டு தெரு தள்ளி ஒரு திண்ணை. மிஞ்சினால் ஊர்க்கோடியில் ஒரு மண்டபம். வராமல் மட்டம் போட்டவனைப் பிடித்துவரச் சட்டாம்பிள்ளையின் தலைமையில் நாலு பையன்களை அனுப்ப முடிந்ததும், அவர்கள் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு பாடம் முடிவதற்குள் திரும்ப முடிந்ததும் அந்தச் சமீபத்தினால்தான்.

ஆனால் அந்த இரண்டு தெருவும் எல்லோருக்கும் இரண்டு தெருவாக இருக்கவில்லை. சேரியில் பிறந்த குழந்தைக்கு அதே பள்ளிக்கூடம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தும் காலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அக்கிரகாரத்துத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்த பள்ளியில் அந்தக் குழந்தையைச் சேர்ப்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தெருவில் அதன் நிழல் விழுவதே குற்றம் என்று கருதிய காலம் அது. கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஆனால் பள்ளி திறப்பது வேறு, பாதை திறப்பது வேறு. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவிலும் பொதுப் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் நீர் எடுக்கலாம் என்று நிறைவேறச் செய்தாரே, அந்தத் தீர்மானத்தைக் கல்வியின் சரித்திரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. நான் அதை அங்கேதான் வைக்க விரும்புகிறேன். தெருவில் நடப்பதற்கே சட்டசபையில் தீர்மானம் வேண்டியிருந்த தேசத்தில், சிலேட்டும் கையுமாக ஒரு குழந்தை தன்னந்தனியே பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோவது சாதாரணக் காட்சி அல்ல.

இங்கிலீஷ்ப் படிப்பு வந்ததும் தூரம் வேறொரு வகையில் நீண்டது. ஹைஸ்கூல்கள் ஜில்லாத் தலைநகரங்களிலும் தாலுகாத் தலைநகரங்களிலும் நிலைத்துவிட்டபடியால், கிராமத்துப் பையன் ஒன்று நாள்தோறும் ஐந்தாறு மைல் நடந்தான், அல்லது பட்டணத்தில் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ தங்கியோ, வீட்டுக்கொரு நாளாக வாரச் சாப்பாடு சாப்பிட்டோ படித்தான். பெண் குழந்தைக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நம் பாட்டிமார்களிடம் காரணம் கேட்டால், ‘மேலே படிக்க எங்கே போறது, அவ்வளவு தூரம் யார் அனுப்புவா?’ என்றுதான் சொல்வார்கள்.

1954-இல் முதலமைச்சராக வந்த காமராஜர், தாமே சிறுவயதில் படிப்பை விட்டவர். அவருக்கு இந்தத் தூரத்தின் அர்த்தம் தெரியும். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவைத் துணையாகக் கொண்டு அவர் செய்த காரியங்களை அளப்பதற்கு மைல்கல்தான் சரியான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பதே அந்தக் காலத்துத் திட்டம். ஐந்து வயதுக் குழந்தையின் கால் ஒரு மைல் தாங்கும், பதினான்கு வயதுப் பையனின் கால் ஐந்து மைல் தாங்கும் என்று பிள்ளைகளின் காலை மனத்தில் வைத்து ஓர் அரசாங்கம் கணக்குப் போட்டது, எண்ணிப் பார்க்கப் பார்க்க உள்ளம் நெகிழும் விஷயம். 1956-இல் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவும் இந்த நடையோடு சேர்ந்ததே. நீதிக்கட்சியின் ஆட்சியில் இருந்த சென்னை நகரசபை, பிட்டி தியாகராயர் தலைமையில், 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிப் பார்த்திருந்தது. காலையில் ஒரு மைல் நடந்து வந்த பிள்ளை, மத்தியானம் கஞ்சி குடிக்க ஒரு மைல் திரும்பி நடந்தால், மறுபடியும் ஒரு மைல் நடந்து பள்ளிக்கு வராது. வீட்டில் கஞ்சி இல்லையென்றாலோ நிச்சயமாக வராது.

நான் படித்த நடுநிலைப் பள்ளி, தஞ்சை ஜில்லாவில் எங்கள் ஊரிலிருந்து இரண்டரை மைல். கடைசி வீட்டுப் பையன்தான் முதலில் கிளம்புவான். அவன் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பான். இருவராக, நால்வராக, தெரு முடிவதற்குள் பதினொரு பேர் ஆகிவிடுவோம். சிலேட்டு வெளுத்திருந்தால் வேலியோரத்துக் கோவை இலையைப் பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே நடப்போம். ஊர் எல்லைப் புளியமரத்தை அடைவதற்குள் அது காய்ந்து கறுத்துவிடும். அங்கிருந்து வயல் வரப்பு. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நடுவில் ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே இரண்டு மூங்கில்களைக் கட்டிப் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐப்பசியில் வாய்க்கால் கரை தட்டி ஓடும்போது, பெரிய வகுப்புப் பையன்கள் மறுகரையில் நின்று கையை நீட்ட, சின்னவர்கள் சாக்குக் கொங்காணியை ஒரு கையாலும் அந்தக் கையை மற்றொரு கையாலும் பற்றிக்கொண்டு கடப்பார்கள். ஒருநாள் என் பை நழுவித் தண்ணீரில் விழுந்தபோது, எங்களோடு ஒரு வார்த்தையும் பேசியிராத சேரிப் பையன் ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து எடுத்துக் கொடுத்தான். அதுவரையில் அவன் எங்கள் வரிசைக்குப் பத்தடி பின்னால் நடந்துவந்துகொண்டிருந்தவன். மறுநாளிலிருந்து அவன் எனக்கு முன்னால் நடந்தான். வகுப்பறையில் எந்த வாத்தியாரும் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நடையில் துன்பமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செருப்பில்லாத காலில் கருவேலமுள் ஏறிச் சீழ் வைத்ததும், கோடையில் மூன்றரை மணி வெயிலில் சின்னப் பிள்ளைகள் மயங்கி விழுந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் வரிசையிலிருந்து குறைந்துபோனதும் ஞாபகம் இருக்கிறது. அந்த வரிசை மீண்டும் நிறைவதற்குச் சைக்கிள் வர வேண்டியிருந்தது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஊர் பார்க்கச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்து வருஷங்களுக்குப் பின் அரசாங்கமே மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு, முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் பின்பு எல்லோருக்குமாக, விலையில்லாச் சைக்கிள் கொடுத்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு நீலச் சீருடையில் பெண் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வரும் சாலையைப் பார்க்கும்போதெல்லாம், ஐந்தாம் வகுப்போடு நின்ற பாட்டிமார்களின் நினைவு எனக்கு வரும்.

இவ்வளவு பாடுபட்டுத் தூரத்தைக் குறைத்த பிறகு, அந்தத் தூரத்தை நாமே மறுபடியும் நீட்டிக்கொண்டோம். 1970-களுக்குப் பின் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகப் பெருக, வீட்டுக்கு எதிரிலிருக்கும் பள்ளியைத் தாண்டி எட்டு மைலுக்கு அப்பால் இருக்கும் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது கௌரவம் ஆயிற்று. நகரங்களில் சைக்கிள் ரிக்ஷாவில் குறுக்குப் பலகை போட்டு அடுக்கிய பிள்ளைகள், பிறகு ஆட்டோவிலும் வேனிலும் அடைபட்டார்கள். ‘வேன் அண்ணா வந்துட்டாரு’ என்ற குரல் கேட்டால் இட்லி பாதியில் நிற்கும். 2012-இல் தாம்பரத்தை அடுத்த இடத்தில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு குழந்தை சாலையில் விழுந்து மாண்டபின், அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் இயற்றப்பட்டன. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளோ, ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் என்று பழைய காலடிக் கணக்கின் வழியிலேயே போகின்றன. சட்டம் பிள்ளையின் காலை எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் காலோ ஸ்கூட்டியின் முன்பலகையில் இருக்கிறது.

பெற்றோர்களை நான் குறை சொல்ல வரவில்லை. லாரியும் மணல் டிப்பரும் ஓடுகிற சாலையில் ஏழு வயதுக் குழந்தையைத் தனியே விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் ஒரு தாய் பயந்து வண்டியில் கொண்டுவிட்டால் சாலையில் ஒரு வண்டி கூடுகிறது. அந்த வண்டியைக் கண்டு அடுத்த வீட்டுத் தாய் பயப்படுகிறாள். இப்படியே பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு நடந்துவரும் பிள்ளைக்கு ஓரடி இடமும் இல்லாமல் போகிறது. பதினொரு பேராகச் சேர்ந்து நடந்தபோது எங்களுக்குக் காவல் நாங்களேதான். அந்தக் காவல் கலைந்துபோனதைத்தான் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பாதையில் நடந்து பார்க்க ஆசைப்பட்டேன். புளியமரம் இருந்தது. வாய்க்காலுக்கு இப்போது கான்கிரீட்டுப் பாலம். அதற்கு அப்பால் வரப்பு, ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கி, இரு பக்கமும் கதிர் முற்றி நின்றது. வயலுக்கு உடையவர் என்னைவிட இளையவர். அடையாளம் கண்டுகொண்டு அருகே வந்தார். பாதை எங்கே என்று கேட்டேன்.

“அண்ணே, கடைசியா நாலு புள்ளைங்க நடந்துச்சுங்க. அதுங்களும் வேனுக்குப் போயிடுச்சுங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் வரப்ப வெட்டாமத்தான் வச்சிருந்தேன். யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். அப்புறந்தான் வெட்டிச் சேத்து நட்டேன்” என்றார்.