உள்ளரங்க விளையாட்டுக்கு எந்த டெலி லென்ஸ்? 70-200, 70-300 – ஓர் ஒப்பீடு

கேலரியிலிருந்து பார்க்கும்போது ஆட்டக்காரர் எங்கோ தூரத்தில் தெரிகிறார். அதனால் முதன்முதலாக டெலி லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் தூரத்தைத்தான் கேட்பார்: "முந்நூறு எம்எம் இருக்கா?" கடைக்காரரும் 70-300 ஒன்றை எடுத்து வைப்பார். இருநூறைவிட முந்நூறு பெரிது, விலையோ நாலில் ஒரு பங்கு. வேறென்ன வேண்டும்? வெயிலில் நடக்கும் கிரிக்கெட், கால்பந்து, தடகளத்துக்கு அது நல்ல வியாபாரம்தான். கூரைக்குக் கீழே நடக்கும் கபடி, பாட்மின்டன், வாலிபால், டேபிள் டென்னிசுக்கு அதே லென்ஸோடு போனால் முதல் பத்து நிமிடத்திலேயே கைவிரித்துவிடும். அங்கே பஞ்சம் வெளிச்சத்துக்கு.

ஒப்பிடுவதற்குக் கேனனின் இரண்டு லென்ஸ்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2010இல் வந்த 70-200 எஃப் 2.8 எல் ஐஎஸ் இரண்டாம் பதிப்பு. புகைப்படக்காரர்கள் 'டூ பாயிண்ட் எயிட்' என்று சொன்னால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான் சொல்கிறார்கள். மற்றொன்று, 2016இல் வந்த 70-300 எஃப் 4-5.6 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு. இரண்டையும் செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். நிக்கான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ இதே ஜோடி உண்டு, கணக்கு மாறாது.

கணக்கைப் பார்ப்போம். எஃப் 2.8க்கும் எஃப் 5.6க்கும் நடுவே இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது. இரண்டு ஸ்டாப் என்றால் கால்வாசி. நீண்ட முனையில் 70-300 சென்சாருக்குக் கொடுப்பது, 70-200 கொடுப்பதில் நாலில் ஒன்று. பகலில் இது பெரிய விஷயமில்லை. அரங்கத்துக்குள் இதுவே எல்லாம். உள்ளரங்கக் கூடைப்பந்துக்கு ஐரோப்பியத் தரவிதி மூன்று நிலைகளில் வெளிச்சம் கேட்கிறது: பயிற்சி, பள்ளி அளவிலான ஆட்டத்துக்கு 200 லக்ஸ், நடுத்தரப் போட்டிக்கு 500, உயர்நிலைப் போட்டிக்கு 750. நம் ஊர்க் கல்லூரி அரங்கமோ மாவட்ட அரங்கமோ 300 லக்ஸில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தரைமட்டத்தில் அளந்த கணக்கு. விளக்குகள் தலைக்கு மேலே இருப்பதால் ஆட்டக்காரரின் முகத்தில் விழுவது பெரும்பாலும் அதற்கும் குறைவு. குனிந்து பாடிவரும் கபடி ரைடரின் முகத்தில் இன்னும் குறைவு.

அந்த 300 லக்ஸில் ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்தால், எஃப் 2.8க்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும். எஃப் 5.6க்கு 25,600. முதல் படத்தை இன்றைய எந்தக் கேமராவில் எடுத்தாலும் அச்சிடலாம்; பத்து வயதான கிராப் சென்சார் பாடியில்கூடச் சமாளிக்கலாம். இரண்டாவது படத்தில் தோல் மணலாகிவிடும், ஜெர்சியின் நிறம் வெளுத்துவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றாமல் ஷட்டரை 1/250க்கு இறக்கலாமே என்றால், நிற்கிறவர் தெளிவாக விழுவார். பாய்கிறவர் கைகால் இல்லாத புகையாக விழுவார். நாம் எடுக்க வந்தது பாய்கிறவரை.

1/1000கூட எல்லாவற்றையும் நிறுத்திவிடாது. பாட்மின்டன் வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் சோதனைக்காக அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் போய் கின்னஸில் ஏறியது. அந்த வேகத்தில் ஷட்டில்காக் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் சொந்த நீளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஷட்டில்காக்கை உறைய வைக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. முகமும் தோளும் மணிக்கட்டும் தெளிவாக இருந்தால் போதும், அதற்கு 1/800 முதல் 1/1000 வரை வேண்டும். ஃப்ளாஷ் அடித்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாட்மின்டனிலும் டேபிள் டென்னிசிலும் நடுவர் உடனே நிறுத்தச் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

70-300இல் இன்னொரு தொல்லை, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. 70இல் எஃப் 4 ஆக இருப்பது, ஜூம் செய்யச் செய்யக் குறைந்து 300இல் எஃப் 5.6 ஆகிவிடும். அரங்கத்தில் விளக்கு மாறாது. ஒருமுறை மேனுவலில் எக்ஸ்போஷரை வைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் கவனிப்பதுதான் உள்ளரங்கத்தில் கிடைக்கும் ஒரே சௌகரியம். 70இல் பார்த்து வைத்த எக்ஸ்போஷரோடு 300க்கு இழுத்தால் படம் பாதி இருட்டாகிறது. இதைத் தவிர்க்கப் பலர் முழுக்க எஃப் 5.6லேயே பூட்டிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய எஃப் 4ஐயும் அதோடு இழக்கிறார்கள். 70-200இல் எந்த நீளத்திலும் 2.8 அப்படியே நிற்கும்.

வெளிச்சம் படத்துக்கு மட்டும் தேவைப்படுவதில்லை, ஃபோகஸுக்கும் அதுதான் உணவு. நாம் எந்த அப்பர்ச்சர் வைத்திருந்தாலும் டிஎஸ்எல்ஆர் கேமரா ஃபோகஸ் தேடும்போது லென்ஸை முழுதாகத் திறந்தே தேடும். கேனன் 80டி, 7டி மார்க் 2 போன்ற பாடிகளில் நடுப்புள்ளி, எஃப் 2.8 லென்ஸ் மாட்டினால் மட்டும் கூடுதல் துல்லியத்தோடு வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. 5.6 லென்ஸ் மாட்டினால் அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும். மிரர்லெஸ்ஸிலும் லென்ஸின் திறப்பு முக்கியம்தான்: கேனன் ஆர்6 இருட்டில் −6.5 ஈவி வரை ஃபோகஸ் செய்யும் என்று விளம்பரத்தில் படிக்கிறோமே, அது எஃப் 1.2 லென்ஸ் மாட்டி அளந்த எண்.

சரி, தூரம்? 70-300இன் துருப்புச்சீட்டு அதுதானே. அதையும் அளந்து பார்த்துவிடலாம். ஆண்கள் கபடி மேட் 13க்கு 10 மீட்டர். அதன் மூலையில், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், எதிர்மூலையில் நிற்பவர் சுமார் 18 மீட்டர் தூரத்தில் இருப்பார். கிராப் சென்சார் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 200இல் பார்த்தால், அந்தத் தூரத்தில் ஃபிரேமின் உயரம் சரியாக இரண்டு மீட்டர். மேட்டிலேயே மிகத் தூரத்தில் நிற்கும் ஆள் ஃபிரேமை நிரப்பிவிடுகிறார்! பாட்மின்டன் கோர்ட் 13.4 மீட்டர் நீளம். பின்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வலைக்கு அப்பால் உள்ளவரை எடுப்பதற்கும் இதே கணக்குப் பொருந்தும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர் சற்று வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உண்மையில் தரையில் உட்காருகிறவருக்கு நேர்மாறான கஷ்டம் வரும். ரைடர் நான்கு மீட்டரில் வந்து விழும்போது 70கூட அதிகமாகி, தலையும் காலும் வெட்டுப்படும். அதற்கு இரண்டு லென்ஸிலும் மருந்தில்லை. பழைய 50 எம்எம் எஃப் 1.8 ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முந்நூறு நிஜமாக உதவுவது இரண்டு இடங்களில். கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கூடையை எடுக்க 200 போதாது. ஆனால் அனுபவப்பட்டவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டு, தம் பக்கக் கூடைக்காகக் காத்திருப்பார்கள். இன்னொன்று, கீழே அனுமதி கிடைக்காமல் கேலரியிலேயே இருக்க வேண்டியவர்கள். புரோ கபடி நடந்த சென்னை நேரு உள்விளையாட்டரங்கம் போன்ற பெரிய இடத்தில், தொலைக்காட்சிக்காக விளக்குகளைக் கொட்டி வைத்திருக்கும்போது, முப்பது மீட்டர் தள்ளி மேலிருந்து எடுப்பவருக்கு 70-300 உருப்படியான படம் தரும். டிக்கெட் வாங்கிப் போகும் ரசிகருக்கு அதையே சிபாரிசு செய்வேன், பெரிய லென்ஸை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம். வெள்ளை நிறத்தில் இருக்கும் 70-200ஐ ஒளித்துக்கொண்டு எந்தக் காவலாளியையும் தாண்டிவிட முடியாது.

பின்னணி மங்குவது பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: எம்எம் கூடினால் பின்னணி தானாக மங்கிவிடும் என்பது. ஒரே ஆளை ஒரே அளவில் ஃபிரேமில் நிரப்பினால், தொலைவில் உள்ள பின்னணி எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதுதான். 200ஐ 2.8ஆல் வகுத்தால் 71. 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54. நீளம் குறைந்த லென்ஸே அதிகம் கரைக்கிறது. ஃபுல் ஃபிரேமில் பத்து மீட்டரில் 200, எஃப் 2.8 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர். அதே அளவு உருவத்தை 15 மீட்டரிலிருந்து 300, எஃப் 5.6இல் எடுத்தால் அது இரண்டு மடங்கு. நம் அரங்கங்களின் பின்னணி உங்களுக்குத் தெரியும்: நன்கொடையாளர் ஃபிளெக்ஸ், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கைப்பேசி நோண்டும் அமைப்பாளர். கரைய வேண்டியவை எல்லாம்.

எடையில் 70-300 ஜெயிக்கிறது, வாதமே இல்லை. 710 கிராமுக்கு எதிரே 1,490 கிராம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு வரை நாக் அவுட் நடக்கும் நாளில் அந்த வித்தியாசத்தை மணிக்கட்டு சொல்லும். ஒரு மோனோபாட் அதைப் பாதியாகக் குறைக்கும். ஜூம் செய்யும்போது 70-200 நீளாது என்பதால் மோனோபாடில் சமநிலை கெடாமல் நிற்கும், 70-300 முன்னால் நீண்டு சாயும்.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஐஎஸ்ஓ 25,600 படத்தையும் துடைத்துக் கொடுக்கின்றனவே, இத்தனை எடையும் செலவும் எதற்கு? மணலைத் துடைக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். 70-300ஏ கைவசம் இருப்பவர் முதலில் அதைத்தான் முயல வேண்டும். ஆனால் தவறிய ஃபோகஸை அவை மீட்பதில்லை. ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் பத்திரிகைக்கு இருபது படம் அனுப்ப வேண்டியவருக்கு ஒவ்வொன்றாகத் துடைக்க நேரமும் இல்லை.

விலையை நினைத்துத் தயங்குகிறவருக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு லென்ஸிலும் 'ஐஎஸ்' என்ற கை நடுக்கத் தடுப்பு இருக்கிறது. அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆட்டக்காரரின் ஓட்டத்தை அல்ல. 1/1000இல் கை நடுக்கம் தெரியவே தெரியாது. ஆக, உள்ளரங்க விளையாட்டுக்கு ஐஎஸ் இல்லாமலே வாழலாம். 1995இல் வந்த, ஐஎஸ் இல்லாத 70-200 எஃப் 2.8 எல், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால், புதிய 70-300க்கு வைத்திருக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அதை வாங்குவேன். அதில் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரை மாட்டினால் 280 எம்எம் வரை நீளும், அப்போதும் எஃப் 4. முந்நூறு தரும் 5.6ஐவிட ஒரு ஸ்டாப் கூடுதல். 70-300இல் எக்ஸ்டெண்டர் பொருந்தவே பொருந்தாது.

பழசு வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்த லென்ஸுக்கு ஃபங்கஸ் வராமல் இருப்பது அபூர்வம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்வழியே பாருங்கள். சிலந்திவலை போல ஏதாவது தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, எஃப் 2.8இல், அறையின் டியூப்லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, நடந்து வரும் ஒருவரைத் தொடர்ச்சியாக எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.