ஜேர்மானிய உருக்குத் தலைக்கவசம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் பழமொழி. அச்சிரசைக் காக்கும் கவசத்தை வடமொழியாளர் சிரத்திராணம் என்பர். முற்காலப் போர்வீரர் அணிந்த அதனை, துப்பாக்கி பெருகிய பின்னர் ஐரோப்பியர் படிப்படியாகக் கைவிட்டனர். 1914ஆம் ஆண்டில் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது, பிரான்சியர் துணித் தொப்பியுடனும், இந்தியப் படையினர் பலர் தலைப்பாகையுடனும், ஜேர்மானியர் பிரஷ்ய நாட்டில் 1842இல் புகுத்தப்பட்ட கூர்முனைத் தோல் தொப்பியுடனுமே களம் புகுந்தனர். அத்தொப்பி அணிவகுப்புக்கு அழகு தந்ததேயன்றி உயிருக்குக் காவலாகவில்லை.

யுத்தம் பதுங்குகுழிகளுக்குள் ஒடுங்கியதும் இக்குறை வெளிப்பட்டது. உடல் மண்ணுள் மறைய, தலையே ஆபத்துக்கு இலக்காயிற்று. வானில் வெடித்த பீரங்கிக் குண்டுகளின் சிதறல்கள் அதன்மீது மழையெனப் பொழிந்தன. 1915இல் பிரான்சியர் அட்ரியன் என்பாரின் பெயர்கொண்ட உருக்குக் கவசத்தையும், பிரித்தானியர் கவிழ்த்த தட்டுப் போன்ற புரோடி கவசத்தையும் வழங்கத் தொடங்கினர்.

ஜேர்மானியர் சற்றுத் தாமதித்தனரெனினும், வைத்தியத்தையும் பொறியியலையும் ஒருங்கு சேர்த்தே இம்முயற்சியில் இறங்கினர். சத்திரவைத்திய நிபுணர் ஓகுஸ்ட் பீர், மிகச் சிறிய உருக்குத் துணுக்குகளும் மூளையுட் பாய்ந்து பெருங்கேடு விளைத்தல் கண்டார். அத்துணுக்குகளைத் தடுக்க மெல்லிய உருக்குத் தகடே போதும் என்பது இதனாற் பெறப்பட்டது. ஹனோவர் தொழினுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிரீட்ரிக் ஷ்வேர்ட், ஒரே தகட்டை அழுத்தி, நெற்றியின்மேல் நீண்டும் செவியும் பிடரியும் மறையத் தாழ்ந்தும் அமைந்த கவசத்தை உருவாக்கினார். உள்ளே மூன்று தோல் மெத்தைகள்; பக்கங்களிற் கொம்பு போன்ற இரு குழாய்கள். காற்றுப் புகவும், முன்னால் வேறொரு கனத்த தகட்டை மாட்டவும் அவை உதவின. அத்தகடு பெரும் பாரமாதலால் அருகியே வழங்கிற்று. 1916ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெர்டன் போர்க்களத்திற் படைகள் இக்கவசத்தை அணிந்தன. நேரே பாயும் துப்பாக்கிக் குண்டை இது தடுப்பதன்று. சிதறலைத் தடுப்பதே இதன் நோக்கம்.

1935இற் கவசம் சிறிதாக்கப்பட்டது, கொம்புகள் நீங்கின, சிறு காற்றுத் துளைகள் வந்தன. 1940இல் அத்துளைகள் தகட்டிலேயே அழுத்தி அமைக்கப்பட்டன. 1942இல் விளிம்பை உள்மடிக்கும் வேலையும் விடப்பட்டது. பொருளும் உழைப்பும் நேரமும் சுருக்க வேண்டிய நெருக்கடியை அம்மடியாத விளிம்பே கூறும்.

ஆனால் இவ்வளர்ச்சியினும் பெரிய மாற்றம் ஒன்று இதற்குள் நேர்ந்துவிட்டது. உயிர் காக்கவென்று வைத்தியர் வேண்டிய கருவி, ஹிட்லர் ஆட்சியில், அடிமைப்பட்ட நாட்டு மக்களுக்குக் கொடுமையின் அடையாளமாயிற்று. 1956இல் மேற்கு ஜேர்மனி தன் புதிய படைக்குப் பழைய வடிவத்தை விடுத்து, அமெரிக்க முறையிலான கவசத்தை ஏற்றது. கிழக்கு ஜேர்மனியோ போர்க்காலத்தில் ஆராயப்பட்டும் வழங்கப்படாத சரிந்த வடிவத்தைக் கொண்டது. பின்னர், 1980களில் அமெரிக்கர், அரமிட் எனும் செயற்கை இழையால், செவியும் பிடரியும் காக்கும் கவசத்தைப் படைக்கு வழங்கினர். ஜேர்மனியும் 1990களில் அத்தகையதொன்றைக் கைக்கொண்டது.

ஆகவே, குற்றம் வடிவத்தின்பாலது அன்று. அதனை அணிவித்த ஆட்சியின்பாலது. சிரசைக் காக்கும் கவசத்தை அறிவியல் தரவல்லது. அச்சிரசினுள் எழும் எண்ணத்தைக் காக்கும் கவசத்தைத் தருதல் கல்வியின் கடன்.