வருத்தக்காரரின் பாஷை

டென்மார்க்கில் குடும்ப வைத்தியரிடம் போய்வந்த எங்கள் முதியவர்கள் பலரிடம் ஒரு முறைப்பாடு உண்டு: "என்ன வருத்தமெண்டு நீ நினைக்கிறாய் எண்டு என்னையே கேக்கிறார். அது தெரிஞ்சால் நான் ஏன் அவரிட்டைப் போறன்?" ஊரிலே பரியாரியார் நாடி பிடித்தார், வருத்தத்தை அவரே சொன்னார். நாங்கள் வாய் திறக்குமுன் சொல்பவரே கெட்டிக்காரர். எனவே கேள்வி கேட்கும் வைத்தியர் எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாதவராகப் படுகிறார்.

உண்மையில் அந்தக் கேள்வி, படித்துப் பழகிக் கேட்கப்படும் கேள்வி. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஐரோப்பாவில் வைத்திய மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படிக்கத் தொடங்கிப் பல நூற்றாண்டுகளாகின்றன. உயிரோடு இருப்பவருடன் பேசுவதைத் தனிப் பாடமாகப் படித்ததோ மிகப் பிந்தியே. புடாபெஸ்டிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குப் பெயர்ந்த மைக்கேல் பாலின்ற், 1950களில் லண்டன் ரவிஸ்ரொக் நிலையத்தில் குடும்ப வைத்தியர்களைக் கூட்டி, அவர்களது நோயாளர்களைப் பற்றிப் பேசவைத்தார். வைத்தியரே ஒரு மருந்து, அதன் அளவையும் பக்கவிளைவையும் யாரும் ஆராயவில்லை என்பது அவர் 1957இல் வெளியிட்ட நூலின் கருத்து. 1963இல் அமெரிக்காவில் ஹவார்ட் பரோஸ், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மாணவர் முன் இருத்தினார். பேர்ண், லோங் என்ற இருவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உரையாடல்களை ஒலிநாடாவிற் பதிந்து ஆராய்ந்து 1976இல் நூலாக்கினர். பெரும்பாலான வைத்தியர்கள் தங்கள் கேள்விகளின் பாதையிலேயே போனார்கள் என்பது அதிலிருந்து தெரிந்தது. 1984இல் பெக்மன், பிராங்கல் ஆகியோர் அமெரிக்காவில் 74 சந்திப்புக்களைக் கவனித்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடியில் வைத்தியர் குறுக்கிட்டார். அதே ஆண்டில் பென்டில்ரனும் அவரது கூட்டாளிகளும், நோயாளியின் எண்ணம், பயம், எதிர்பார்ப்பு மூன்றையும் கேட்டறிய வேண்டும் என எழுதினர். எங்கள் முதியவர்களைக் குழப்பும் கேள்வி அங்கிருந்து வருவது.

இந்தப் பாடத்தில் இன்னொன்றும் உண்டு: கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லுதல். உணவகத்தில் வேலை செய்யும் எனக்கு அது புதினமில்லை. ஓடர் எடுப்பவர் திருப்பிச் சொல்லாவிட்டால் தட்டு குசினிக்குத் திரும்பி வரும். வைத்தியத்தில் அப்படித் திரும்பி வருவது மனிதர்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் எங்கள் மண்ணில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மாணவர்களுக்கு முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் படித்தவர்களை அரசாங்க உத்தியோகம் இழுத்துக்கொண்டது; கிராமத்துக்கு வைத்தியர் இல்லை. ஊருக்குப் போய்விட்டு 1862இல் திரும்பி வந்தவர், 1864இலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேல். 1873இல் அவர் திரும்பிப் போகுமுன் 60க்கு மேற்பட்டோரைப் பயிற்றியிருந்தார்.

கிறீன் உரையாடலைத் தனிப் பாடமாக வைத்தவரல்லர். அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருத்தக்காரருக்கும் வைத்தியருக்கும் இடையில் ஒரு பாஷை நிற்கிறது, அதைக் கடக்க வேண்டியவர் வைத்தியரே என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செயலிற் காட்டினார்.

இங்கே அந்தச் சுமை எங்கள் தலையில். சில விலக்குகள் தவிர, மூன்று வருடத்துக்கு மேல் வதிபவர் வைத்தியத்துக்கு வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குத் தாமே கட்டணம் கட்டவேண்டும் என்ற சட்டம் 2018 யூலையில் நடைமுறைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாலும் சங்கடம் தீருவதில்லை. எங்கள் நகரத்து அம்மா ஒருவருக்குத் துணையாக ஒரு நாள் ஆசுப்பத்திரிக்குப் போனேன். இடையிற் பேசவேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். "நெஞ்சுக்குள்ளை பாறாங்கல்லு வைச்ச மாதிரி" என்றார் அம்மா. தொலைபேசியில் இருந்தவர் அதை "நெஞ்சு நோ" என்று டெனிஷிற் சொன்னார். இருதயத்துக்குரிய சோதனைகளெல்லாம் ஒழுங்காக நடந்தன. பிழை ஒன்றுமில்லை. அந்தக் கல் எப்போது வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 2009 மே மாதத்திலிருந்து என்று, திரும்பி வரும்போது பஸ்ஸிலே எனக்குச் சொன்னார்.

இதைக் கேட்கத் தெரிந்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஒடென்ஸ பல்கலைக்கழக ஆசுப்பத்திரியில் 2008இல் தொடங்கி, மோர்ட்டன் சோடெமான் என்ற வைத்தியர் நடத்திவந்த குடியேறியோர் மருத்துவப் பிரிவு, நோயாளியின் வாழ்க்கைக் கதையையும் கேட்க நீண்ட நேரம் ஒதுக்கியது. அது ஒரு பிரிவு. நாங்கள் இருப்பதோ நாடு முழுவதும் சிதறி.

எங்கள் பிள்ளைகள் இங்கே வைத்தியம் படிக்கிறார்கள். டெனிஷில் நோயாளியுடன் பேசப் பழகிப் பரீட்சையும் எழுதுகிறார்கள். ஆனால் உளைவு, விறைப்பு, அந்தரம், ஏக்கம், வாய்வு என்ற சொற்களை அம்மம்மா எந்த நோவுக்குச் சொல்கிறார் என்பது அவர்களிற் பலருக்குத் தெரியாது. கிறீன் மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழில் தொகுத்தார். அதற்கு எதிர்த்திசையில் ஒரு தொகுதி இன்று தேவை: வருத்தக்காரர் சொல்லும் சொல், அதன் பொருள், அதைக் கேட்டால் வைத்தியர் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி. இதற்குப் பட்டம் தேவையில்லை; பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்த என்னைப் போன்றவர்களும் செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கிறார், ஒரு கொப்பி இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதத் தொடங்குவோம்.