தங்கவயலுக்கு வந்த மின்சாரமும் லினக்ஸ் கேட்கும் அனுமதியும்

1902 ஜூன் 30 அன்று, சிவசமுத்திரத்தில் காவிரி நீரைக் கொண்டு உற்பத்தி செய்யப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. விறகும் நிலக்கரியும் எரித்து ஓடிய நீராவி எந்திரங்களுக்கு மாற்று கிடைத்தது. மின்னாக்கிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும், விசைச்சுழலிகளைச் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸும் வழங்கின. எனினும், மின்சாரம் உற்பத்தியானதால் மட்டும் மாற்றம் நிகழ்ந்துவிடவில்லை. ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த சுரங்கக் கம்பெனிகள் மைசூர் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு மின்சாரத்தை வாங்க இசைந்தன. ஒரு மாற்றுக்கு ஆற்றல் வேண்டும். எந்திரத்தின் உரிமையாளரின் இசைவும் வேண்டும்.

கணினி விளையாட்டுகளில் விண்டோஸின் இடத்தை லினக்ஸ் பிடிக்குமா என்ற கேள்வியையும் இவ்விரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆற்றலைத் தேடிய வரலாறு நீண்டது. 1991இல் லினக்ஸ் பிறந்தது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட செயலிகளை அதில் இயக்கும் 'வைன்' திட்டம் 1993இல் தொடங்கியது. 1998இல் தோன்றிய லோகி நிறுவனம், விளையாட்டுகளை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்க முயன்று, 2002இல் மூடப்பட்டது. வாங்குவோர் குறைவு என்பதால் ஆக்குவோர் வரவில்லை. ஆக்குவோர் வராததால் வாங்குவோரும் பெருகவில்லை.

இந்தச் சுழலை உடைத்தது வால்வ் நிறுவனம். 2018இல் அது வெளியிட்ட 'புரோட்டான்', வைனை அடித்தளமாகக் கொண்டது. விளையாட்டை மாற்றி எழுதத் தேவையில்லை. விண்டோஸின் வரைகலைக் கட்டளைகள் ஓடும்போதே லினக்ஸ் புரிந்துகொள்ளும் 'வல்கன்' கட்டளைகளாக மாற்றப்படுகின்றன. 2022இல் லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம் டெக்' கைக்கருவி சந்தைக்கு வந்தது. இன்று தனியாக ஆடும் விளையாட்டுகளுள் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. ஆற்றல் குறித்த கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது.

இசைவு குறித்த கேள்வி தீரவில்லை. இணையப் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் மென்பொருள்கள் உண்டு. 'வேலோரன்ட்' பயன்படுத்தும் 'வேன்கார்ட்' விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே இயங்குவதால், அவ்விளையாட்டு லினக்ஸில் ஓடாது. 'ஈஸி ஆன்டி-சீட்', 'பேட்டில்ஐ' ஆகியவை லினக்ஸை ஏற்கும். ஆயினும் விளையாட்டின் உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுவோரைக் காரணம் காட்டி 2024இல் அதன் நிறுவனம் கதவை மூடியது. கெர்னலைப் பயனரே மாற்றி அமைக்க முடியும் என்பது லினக்ஸின் சிறப்பு. போட்டி நடத்துவோருக்கோ அதுவே அச்சம்.

இக்கேள்வி வெறும் ஆர்வலர் விவாதம் அன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கும் ஊர் தங்கவயல். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இத்தகைய ஊர்களில் நன்றாக ஓடும் கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவது எளிதன்று. தனியாக விளையாடுவோருக்கு லினக்ஸ் இன்றே தகுந்த மாற்று. நண்பர்களோடு 'வேலோரன்ட்' ஆடும் இளைஞருக்கு அது மாற்றாகாது. அந்தத் தடை அவருடைய கணினியில் இல்லை, விளையாட்டை வைத்திருக்கும் நிறுவனத்தின் முடிவில் இருக்கிறது. அன்று சுரங்கக் கம்பெனிகள் இசைந்தது மின்சாரம் தமக்கு ஆதாயம் என்று கண்டதால்தான். லினக்ஸில் ஆடுவோர் பெருகி, அவர்களை இழப்பது நட்டம் என்று நிறுவனங்கள் உணரும்போதே இங்கும் இசைவு வரும்.