கறுத்த பானை சொல்லும் வரலாறு



கோலகங்சார் நகருக்கு எதிரே, பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வனையப்படும் கரிய மண்குடுவையே 'லாபு சாயோங்'. 'லாபு' என்னும் மலாய்ச் சொல் சுரை, பூசணி ஆகிய காய்களைக் குறிக்கும். குடுவையின் வடிவமும் அதுவே. தலைமுறை தலைமுறையாக மலாய்ப் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே இதனை உருவாக்கினர். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுட்டபின், சூடு தணியுமுன் உமிக்குள் இட்டனர். உமிப்புகையின் கரி படிந்து மண் கறுத்தது. குடுவையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். இக்காலத்தில் பெரும்பாலும் அச்சில் வார்க்கின்றனர். ஆயினும் உமியிட்டுக் கறுப்பாக்கும் முறை மறையவில்லை.

இந்நுட்பம் தமிழருக்குப் புதியதன்று. தமிழக அகழாய்வுகளில் மிகுதியாகக் கிடைப்பவை கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள். சூளையில் காற்றுப்பட்ட புறப்பகுதி சிவந்தது. காற்றுப்படாத உட்பகுதியும் விளிம்பும் கறுத்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகள் ஏராளமாக வெளிப்பட்டன. அத்தகைய தாழியை வனையுமாறு குயவரை வேண்டும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. நாம் வாழும் இதே தீபகற்பத்தின் வடபால், தாய்லாந்தின் பூ காவ் தோங்கிலும் தமிழி எழுத்துள்ள ஓடு கிடைத்தது. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என ஐராவதம் மகாதேவன் கணித்தார். அரசரின் கல்வெட்டு மட்டுமன்று, எளிய வீட்டுப் பானையும் நம் வரலாற்றைச் சுமந்து கடல் கடந்துள்ளது.

நம் தோட்டப்புறங்களிலும் மண்கலம் வாழ்வோடு கலந்திருந்தது. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி, தைத்திங்களில் பொங்கல் பானை, இறுதிச் சடங்கில் தோளில் சுமந்து உடைக்கும் நீர்க்குடம் என வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் அது உடனிருந்தது. மண்ணால் ஆன உடல் மண்ணுக்கே மீளும் என்பதே உடையும் குடம் உணர்த்தும் பொருள். இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் லயத்து மக்கள் நகரங்களுக்குச் சிதறினர். சடங்குகள் உடன் வந்தன. அவற்றின் பொருளை எடுத்துரைத்த பெரியோர் குறைந்துவிட்டனர். இன்று என் மாணவர் பலருக்குப் பானை என்பது பொங்கலன்று கடையில் வாங்கும் பொருள் மட்டுமே.

அறுந்த மரபை மீட்க இயலுமா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புவெப்லோ பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுள் சான் இல்டிஃபோன்சோ ஊரைச் சேர்ந்த மரியா மார்டினெஸ், 1908ஆம் ஆண்டளவில் அகழாய்வில் கிடைத்த ஓடுகளைப் பார்த்துப் பழைய வனைமுறையை மீட்க முற்பட்டார். கணவர் ஜூலியனுடன் இணைந்து 1919 அளவில் கறுப்பின்மேல் கறுப்பு ஓவியம் தீட்டிய கலங்களைப் படைத்தார். அவர்களும் சாணத்தூளால் நெருப்பை மூடியே மண்ணைக் கறுப்பாக்கினர். அவ்வூர் மக்கள் பலருக்கு அக்கலை வாழ்வாதாரமாயிற்று.

ஆசிரியர்களே, சாயோங் நமக்குத் தொலைவில் இல்லை. கல்விச் சுற்றுலாவில் அங்கு அழைத்துச் சென்று, உமியில் மண் கறுப்பதை மாணவர்க்குக் காட்டுவோம். மலாய்ச் சகோதரியரின் கைத்திறனை மதிக்கக் கற்பிக்கும் அப்பாடமே ஆதிச்சநல்லூருக்கும் வழிகாட்டும். காட்சிக்கலைப் பாடத்தில் உடைந்த ஓடொன்றைக் கொடுத்துத் தம் பெயரைத் தமிழில் கீறச் சொல்வோம். பெற்றோர்களே, இவ்வாண்டுப் பொங்கலுக்கு மண்பானை வாங்குங்கள். அடுப்பில் ஏற்றுமுன் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.