அவஸ்தைப்பூசுதல்: ஓர் எண்ணெயின் வரலாறு

நோயாளியின் படுக்கையருகே குருவானவர் எண்ணெய்ச் சிமிழுடன் வந்தாரெனில், வீட்டார் நம்பிக்கை இழந்து கண்ணீர் உகுத்த காலம் ஒன்று இருந்தது. நோய் தீர்த்தற்கென ஏற்பட்ட எண்ணெய், மரணத்தின் முன்னறிவிப்பாக மாறியது எவ்வாறு?

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஒலிவ எண்ணெய் உணவாகவும் விளக்கெண்ணெயாகவும் புண்ணாற்றும் மருந்தாகவும் பயன்பட்டது. நல்ல சமாரியனின் கதையிலும், அடியுண்டு கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்பட்டன. சீடர்கள் நோயாளர் பலருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினர் என்று மாற்கு சுவிசேஷம் கூறும். நோயுற்றவன் சபையின் மூப்பரை அழைப்பிக்க, அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும் என்பது யாக்கோபு நிருபத்தின் விதி. அங்கு வரும் கிரேக்க வினைச்சொல் ஒன்றிற்குக் குணமாக்குதல், மீட்டல் என இரு பொருள்கள் உண்டு. இவற்றுள் எது முன்னின்றது என்பதே பின்வந்த வரலாறு.

416ஆம் ஆண்டில் பாப்பரசர் முதலாம் இன்னொசெந்து, இத்தாலியின் கூப்பியோ நகர மேற்றிராணியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்றிராணியார் ஆசீர்வதித்த எண்ணெயைக் குருமார் மாத்திரமன்றி விசுவாசிகள் யாவரும் தமக்கும் தம்மவர்க்கும் பூசலாம் என்று அதிற் குறித்தார். ஆறாம் நூற்றாண்டிலே, இன்றைய பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகர மேற்றிராணியார் செசாரியு, நோய் வந்தால் மந்திரவாதிகளை நாடாது ஆலயத்திற்கு வந்து எண்ணெய் பெறுமாறு மக்களுக்குப் போதித்தார். அக்காலத்தில் அது வாழ்வோர்க்குரிய மருந்தே.

ஒன்பதாம் நூற்றாண்டு முதல் நிலைமை மாறியது. மேலைத் திருச்சபையிற் பூசும் உரிமை குருமாருக்கே உரியதாயிற்று. மரணப்படுக்கையிற் செய்யும் பாவசங்கீர்த்தனத்துடன் இச்சடங்கு இணைந்தது. 12ஆம் நூற்றாண்டில் 'இறுதிப் பூசுதல்' என்னும் பெயர் நிலைபெற்றது. பூசப்பெற்றுப் பிழைத்தவன் இல்லறம் நடத்தலாகாது, புலால் உண்ணலாகாது என்ற அச்சமும் மக்களிடையே பரவிற்று. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் திருச்சபைச் சங்கங்கள் அதனைக் கண்டித்தன. ஆயினும் பலர் கடைசி மூச்சுவரை குருவை அழைக்கத் தயங்கினர். ஆறுதல் வேண்டிய நாட்களில் நோயாளி தனித்துக் கிடந்தான். நினைவு தப்பிய பின்னரே எண்ணெய் வந்தது.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுச் செபநூலில் நோயாளிக்குப் பூசும் முறை இடம்பெற்றது. 1552ஆம் ஆண்டு நூலில் அது நீக்கப்பட்டது. கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச்சங்கமோ 1551இல் இச்சடங்கை உறுதிசெய்தது. சிறப்பாக மரணத்தறுவாயில் உள்ளோர்க்கு உரியது என்றதேயன்றி, அவர்க்கு மட்டுமே உரியது என்று அச்சங்கம் வரையறுக்கவில்லை. வழக்கமோ மாறவில்லை. கீழைத் திருச்சபைகள் நோயாளருக்குப் பூசும் பழைய முறையைத் தொடர்ந்து பேணின.

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய 'அவஸ்தைப்பூசுதல்' என்னும் பெயரிலும் மரண அவஸ்தையின் நிழல் படிந்துள்ளது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'நோயாளரைப் பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர் என்றும், அது சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சடங்கு முறையைத் திருத்தி, ஒலிவ எண்ணெய் கிடைத்தற்கரிய இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்த இடமளித்தார். 'நோயிற் பூசுதல்' என்ற பெயர் தமிழிலும் வழக்கில் வந்தது.

பெயர் மாறியதனால் வேளையும் மாறிற்று. விடைகொடுக்க வந்த எண்ணெய், நோயாளியின் துணையாக மீண்டும் வரலாயிற்று.